"தை பொறக்குறதுக்குள்ள மூக்கை சரி பண்ணிரலாமா அக்கா?" வாசகர் கேள்விக்கு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் பதில்

மேலூர் பக்கத்து கிராமத்துலேர்ந்து 24 வயசு பொண்ணு ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, அடையாளம் தெரியுற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். சுருக்கமா சொன்னா இதுதான் விஷயம்.

மதுரையில ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற வேலை, தினமும் பஸ்ல போயிட்டு வர்றாங்க. எட்டாவது படிக்கும்போது சைக்கிள்லேர்ந்து விழுந்து மூக்குல நல்ல அடி, ரத்தம் நின்னதும் ஐஸ் வச்சு விட்டுட்டாங்க, டாக்டர்கிட்ட காட்டல. அதுலேர்ந்து மூக்கு நடுவுல ஒரு மேடு, மூக்கே லேசா வலது பக்கம் சாய்ஞ்சிருக்கு, இடது பக்கம் எப்பவும் அடைப்பு, ராத்திரி வாயைத் தொறந்துதான் தூங்குறாங்க. நுனி கொஞ்சம் அகலம், அது அப்பத்தா சாடை. ரெண்டு வரன் வந்து நின்னு போச்சு. மூணாவதா வந்தவங்க தரகர்கிட்ட "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, மூக்கை மட்டும் சரி பண்ணிட்டா தையில பேசி முடிச்சிருவோம்"னு சொல்லியிருக்காங்க. அம்மா மூணு பவுன் செயினை அடகு வைக்க ரெடி. இன்ஸ்டாகிராம்ல பாத்த ஒரு கிளினிக்ல 85 ஆயிரம், லேசர்ல பண்ணிருவோம், கத்தியே இல்ல, பத்து நாள்ல புது மூக்கு, தீபாவளி வரைக்கும்தான் இந்த ஆஃபர், பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்றாங்களாம். சித்தியோ பார்லர்ல ஒரு ஊசி போட்டாலே மூக்கு நேராயிரும்ங்கிறாங்க. "பிடிக்கலன்னா பழையபடி மாத்திக்கலாம்ல? கடையில எடுத்த இன்சூரன்ஸ்ல காசு வருமா? உங்க தங்கச்சியா நினைச்சு சொல்லுங்க அக்கா"ன்னு முடிச்சிருக்காங்க.

தங்கச்சின்னு சொல்லிட்ட, அதனால நீன்னே எழுதுறேன்மா.

முதல்ல ஒண்ணு. அந்த பத்தாயிரத்தை இன்னும் கட்டலன்னா கட்டாத. ஆபரேஷனே வேணாம்னு சொல்ல வரல, நான் இருபது வருஷமா இதைத்தான் செய்யுறேன், நல்லபடியா முடிஞ்சு முகத்துல ஒரு தெளிச்சியோட போன பிள்ளைங்களை நிறைய பாத்திருக்கேன். ஆனா உன் கடிதத்துல ரெண்டு மூக்கு இருக்கு. மூச்சு விடுற மூக்கு ஒண்ணு, மத்தவங்க பாக்குற மூக்கு ஒண்ணு. நீ நாலு பக்கத்துல மூணே முக்கால் பக்கம் ரெண்டாவதைப் பத்தி எழுதிட்டு, பத்து வருஷமா இடது பக்கம் காத்தே போகாததை ஒரு வரியில முடிச்சிட்ட. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமா படுது.

வீட்டுலயே ஒண்ணு பண்ணிப் பாரு. ஒரு எவர்சில்வர் கரண்டிய பிரிட்ஜ்ல பத்து நிமிஷம் வச்சு எடுத்து, மூக்குக்குக் கீழ படுக்கை வசத்துல பிடிச்சு, வாயை மூடிக்கிட்டு மெதுவா மூச்சு விடு. கரண்டில ரெண்டு வட்டமா ஆவி படியும். ரெண்டும் ஒரே அளவா இல்லாம இடது பக்கம் சின்னதா படிஞ்சா, இல்ல படியவே இல்லன்னா, அந்தப் பக்கம் காத்து சரியா வரலன்னு அர்த்தம். நாங்களும் ஓபில குளிர்ந்த தகடு வச்சு இதையேதான் பாக்குறோம். அடுத்து இடது கன்னத்துல விரல் வச்சு சதைய காது பக்கமா லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு மூச்சை உள்ள இழு. சட்டுன்னு அடைப்பு விட்ட மாதிரி இருந்தா, மூக்குக்குள்ள மேல ஒரு இடுக்கு உண்டு, அது சுருங்கியிருக்கலாம். ஒண்ணும் மாறலன்னா மூக்கை உள்ள ரெண்டா பிரிக்கிற நடுத்தண்டு வளைஞ்சிருக்கவோ, உள்ள சதை வீங்கியிருக்கவோ வாய்ப்பு ஜாஸ்தி. சளி பிடிச்சிருக்கும்போது பாக்காத, தப்பா காட்டும். இதெல்லாம் உனக்கு ஒரு அறிகுறிதான், உள்ள குழாய் கேமரா விட்டு பாத்தாத்தான் முடிவா சொல்ல முடியும்.

இதை ஏன் இவ்வளவு இழுக்குறேன்னா, மூச்சைப் பாக்காம வெளிய மட்டும் மேட்டை ராவி ஒல்லியாக்கிட்டா, ஏற்கனவே சுருங்கின இடம் இன்னும் சுருங்கும். பாக்க நேரா இருக்கும், ராத்திரி மூச்சு முட்டும். அப்படி வேற எங்கயோ பண்ணிட்டு வந்து என் முன்னாடி உக்காந்து அழுத பிள்ளைங்களுக்கு காதுக் குருத்தெலும்பை எடுத்து உள்ள முட்டு குடுத்து சரி பண்ணியிருக்கேன், அது முதல் ஆபரேஷனை விட ரொம்ப கஷ்டமான வேலை. உன்னை மாதிரி அடிபட்டு சாய்ஞ்ச மூக்குக்கு உள்ள நடுத்தண்டையும் வெளிய எலும்பையும் ஒரே மயக்கத்துல சேத்து சரி பண்றதுதான் பெரும்பாலும் முறை.

லேசர், பத்து நாள், பழையபடி மாத்திக்கலாம்: இந்த மூணும் சரியில்ல

மூக்கு மேல்பாதி எலும்பு, கீழ்பாதி குருத்தெலும்பு. மேட்டைக் குறைக்கணும்னா எலும்பை அரம் மாதிரி கருவியால ராவணும், சாய்ஞ்சதை நேராக்கணும்னா ரெண்டு பக்கமும் எலும்பை அளவா உடைச்சு நகத்தி வைக்கணும். லேசரை வச்சு இதைச் செய்ய முடியாது. முழு மயக்கம் குடுத்து ரெண்டு மூணு மணி நேரம் ஆகுற ஆபரேஷன், மயக்க டாக்டர் கூடவே இருக்கணும், ஏதாவதுன்னா பாத்துக்க ஐசியு வசதி இருக்கணும். தையல் மூக்குக்குள்ளேயே இருக்கலாம், இல்ல ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல இருக்கிற சின்னத் தண்டுல சில மில்லிமீட்டர் அளவுக்கு வெளிய ஒரு வெட்டு வரலாம், அந்தத் தழும்பு பெரும்பாலும் மங்கிப் போயிரும். கத்தியே இல்லன்னு ஒருத்தர் சொன்னா ஒண்ணு அவருக்குத் தெரியல, இல்ல உன்கிட்ட மறைக்கிறாரு.

பத்து நாள்ங்கிறது வேலைக்குப் போற கணக்கு. ஏழு நாள் வாக்குல மூக்கு மேல ஒட்டின கட்டைப் பிரிப்போம், கண்ணைச் சுத்தி ரத்தம் கட்டின கருப்பு ரெண்டு வாரத்துல போயிரும், கடைக்குப் போலாம். ஆனா அன்னைக்கு கண்ணாடில தெரியுறது உன் புது மூக்கு இல்ல, வீங்கின மூக்கு. நிறைய பேர் அன்னைக்குத்தான் பதறிப்போய் போன் பண்ணுவாங்க. வீக்கத்துல பெரும்பகுதி ரெண்டு மாசத்துல வடியும், மிச்சம் மெதுவாத்தான் வடியும், முழுசா படிய ஒரு வருஷம், நுனிக்கு அதுக்கும் மேல. நம்ம பக்கம் நிறைய பேருக்கு மூக்குத் தோல் தடிமன், அதனால இன்னும் லேட்டாகும். கட்டில் மேல மெல்லிசு வேட்டிய விரிச்சா கீழ இருக்கிற மடிப்பெல்லாம் தெரியும், ஜமுக்காளத்தை விரிச்சா தெரியாதுல்ல, அதே மாதிரிதான், உள்ள குருத்தெலும்பை எவ்வளவு நுணுக்கமா செதுக்கினாலும் தடிச்ச தோலுக்கு மேல கூர்மையா தெரியாது. நீ அனுப்பின நடிகை போட்டோல இருக்கிற நுனி உன் தோல்ல வராதும்மா. உன் முகத்துக்கு ஒத்துப்போற மாதிரி மேடு குறைஞ்சு, சாய்வு குறைஞ்சு, நுனி கொஞ்சம் ஒடுங்கி வர்றது நடக்குற காரியம். கம்ப்யூட்டர்ல காட்டுற படம் ரெண்டு பேரும் பேசிப் புரிஞ்சுக்க மட்டும்தான், அதே மாதிரி வரும்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது.

பழையபடி மாத்திக்கலாமான்னா, ராவி எடுத்த எலும்பை திரும்ப வைக்க முடியாது. நல்ல கை தேர்ந்த டாக்டர் செஞ்சாலும் நூறு பேர்ல அஞ்சுலேர்ந்து பதினஞ்சு பேர் வரைக்கும் ரெண்டாவது ஆபரேஷன் கேட்டு வர்றாங்க, அதுக்கும் குறைஞ்சது ஒரு வருஷம் காத்திருக்கணும். ரத்தக் கசிவு, கிருமி, கொஞ்ச நாள் வாசனை தெரியாம போறது, நுனி பல மாசம் மரத்துப் போறது, அபூர்வமா நடுத்தண்டுல ஓட்டை விழறது, இதெல்லாம் டாக்டர் வாயாலயே உன்கிட்ட சொல்லணும். அவரா சொல்லலன்னா நீ கேளு.

இப்போ ஐப்பசி, தைக்கு மூணு மாசம்கூட முழுசா இல்ல. நாளைக்கே ஆபரேஷன் பண்ணாலும் பொண்ணு பாக்க வர்றவங்க பாக்கப் போறது பாதி வீங்கின மூக்கைத்தான். மழைக்காலம், சளி காய்ச்சல் இருந்தா ஆபரேஷனையே தள்ளி வச்சிருவோம். கல்யாணத் தேதிக்குள்ள மூக்கு ஆறாது, அதனால அந்தக் கணக்கை விட்டுரு.

சித்தி சொன்ன ஊசி

இதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. பில்லர்னு சொல்ற அந்த ஊசி மூக்கைக் குறைக்காது, மேட்டுக்கு மேலயும் கீழயும் இருக்கிற பள்ளத்தை நிரப்பி நேரா இருக்கிற மாதிரி காட்டும், அதுவும் சில மாசம், போனா ஒண்ணரை வருஷம். மூக்குல ஓடுற ரத்தக்குழாய்க்கும் கண்ணுக்குப் போற ரத்தக்குழாய்க்கும் தொடர்பு இருக்கு, மருந்து தப்பித் தவறி குழாய்க்குள்ள போய் அடைச்சா மூக்குத் தோல் கருத்து அழுகிப் போகலாம், கண் பார்வையே போகலாம், போனது பெரும்பாலும் திரும்ப வராது. அபூர்வம்தான், ஆனா நடந்தா நிமிஷக் கணக்குல கண்டுபிடிச்சு மருந்தைக் கரைக்கிற ஊசி போடத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல இருக்கணும். பார்லர்ல அது கிடையாது. போகாதம்மா, சித்தி கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

காசும் இன்சூரன்சும்

அழகுக்காகப் பண்ற ஆபரேஷனுக்கு நம்ம நாட்டு ஹெல்த் பாலிசி பொதுவா காசு குடுக்காது. விபத்துல கெட்டதை சீராக்குறதுக்கும் உடம்புக்கு அவசியம்னு டாக்டர் எழுதுறதுக்கும் விதிவிலக்கு இருக்கு. நடுத்தண்டு வளைவுக்கு பல பாலிசில ரெண்டு வருஷம் காத்திருக்கணும்னு போட்டிருப்பான், உன் பாலிசிய எடுத்து அந்தப் பக்கத்தைப் படி, கடை மேனேஜர்கிட்ட கேட்டு முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் கேக்கச் சொல்லு. இன்னொண்ணு நிறைய பேருக்குத் தெரியாது: வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, ஆனா அழகு ஆபரேஷனுக்கு உண்டு, அதே ஆபரேஷன் அடிபட்டதையோ பிறவிக் குறையையோ சரி பண்ணத்தான்னா கிடையாது. 85 ஆயிரம்னா அதுல வரி, மயக்க டாக்டர் பீஸ், தியேட்டர், ரூம், மருந்து, ரெண்டாவது தடவை பண்ண வேண்டி வந்தா யார் செலவு, இது எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வாங்கணும்.

ஆனா அதுக்காக அழகுக்குப் பண்றதை விபத்துன்னு பொய்யா எழுதச் சொல்லாத. உனக்கு அது தேவையும் இல்ல, உனக்கு நிஜமாவே அடிபட்டிருக்கு. நடந்ததை நடந்தபடி டாக்டர்கிட்ட சொல்லி கேஸ் ஷீட்ல எழுத வை.

அம்மா செயினை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் லீவு போட்டு கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரில காது மூக்கு தொண்டை ஓபில காட்டு, அங்க பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மெண்டும் இருக்கு. அடைப்புக்கு அங்கேயே வைத்தியம் நடக்கும். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், இருந்தாலும் உன் மூக்குல என்ன கோளாறுன்னு ஆஃபர் எதுவும் விக்காத ஒருத்தர் வாயால தெரிஞ்சுக்கலாம்.

யார்கிட்ட பண்றது, உனக்கு என்ன உரிமை

எம்.சி.எச். இல்ல டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவங்களா, இல்ல எம்.எஸ். இஎன்டி முடிச்சு மூக்கு ஆபரேஷன்ல தனியா பயிற்சி எடுத்தவங்களான்னு பாரு. காஸ்மெட்டாலஜிஸ்ட்னு போர்டுல எழுதியிருந்தா அதை வச்சு சர்ஜன்னு நினைச்சிராத. பதிவு நம்பரை வாங்கி தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்துல தேடு. வருஷத்துக்கு எத்தனை மூக்கு பண்றீங்க, அடிபட்டு சாய்ஞ்ச மூக்கு எத்தனை பண்ணியிருக்கீங்க, ஒரு வருஷம் கழிச்சு எடுத்த போட்டோ காட்டுவீங்களான்னு கேளு. ஒரு மாசத்துல எடுத்த போட்டோவ வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. இப்படிக் கேட்டா கோவப்படுற டாக்டர்கிட்ட பண்ணிக்காத.

சம்மதப் படிவத்தை தியேட்டர் வாசல்ல ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு கையெழுத்து போடாத. தமிழ்ல கேளு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படி. எதுக்கு சம்மதம் குடுத்தியோ அதை மட்டும்தான் பண்ணணும், உயிருக்கு ஆபத்துன்னா ஒழிய கூடுதலா எதுவும் பண்ணக் கூடாதுன்னு 2008லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. உன் கேஸ் ஷீட் காப்பிய எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு டாக்டர்களுக்கான 2002 விதிமுறைல இருக்கு. காசு குடுத்து வாங்குற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே தீர்ப்பு வந்தாச்சு, புகார் குடுக்க ரெண்டு வருஷம் டைம். ஆனா இதையும் தெரிஞ்சுக்க, நினைச்ச அழகு வரலங்கிறது மட்டும் டாக்டர் தப்பு ஆகாது, கவனக்குறைவுன்னு நிரூபிக்கணும். அதனாலதான் பேச்சு எல்லாம் பேப்பர்ல இருக்கட்டும்னு சொல்றேன்.

நீ கடைசி பக்கத்துல எழுதினது

"என் மூக்கால வீட்டுக்கே மானம் போகுது"ன்னு எழுதியிருக்க. அதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வச்சிட்டேன்மா.

நம்ம ஊர்ல மூக்கையும் மானத்தையும் சேத்துப் பேசுறது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. திருமலை நாயக்கர் காலத்துல, 1650கள்ல, மைசூர் படைக்கும் மதுரைப் படைக்கும் நடந்த சண்டைல மாத்தி மாத்தி மூக்கை அறுத்தாங்க, அதுக்கு மூக்கறுப்புப் போர்னே பேரு. 1792 மைசூர் சண்டைல மூக்கு அறுபட்ட ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு புனே பக்கத்துல ஒரு உள்ளூர் வைத்தியர் நெத்தித் தோலை இறக்கி மூக்கு வச்ச சேதி 1794ல லண்டன் பத்திரிகைல வந்து, அதைப் பாத்துத்தான் அங்க உள்ள டாக்டர்களே 1814ல செஞ்சு பாத்தாங்க. நான் படிச்ச படிப்புக்கே அதுதான் ஒரு மூலம். அவங்களுக்கு மூக்கே இல்லாம போச்சு. உனக்கு மூக்கு முழுசா இருக்கு, அடிபட்டு ஆறாம கிடக்கு, அவ்வளவுதான். சைக்கிள்லேர்ந்து விழுந்தப்ப யாராவது ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருந்தா அப்பவே நேரா வச்சிருப்பாங்க. இதுல உன் மேல என்ன குத்தம் இருக்கு?

கொரோனா முடிஞ்சும் கடையில மாஸ்க் கழட்ட மாட்டேங்கிற, அத்தை பொண்ணு கல்யாணத்துல குரூப் போட்டோக்கு நிக்கல, தினமும் பத்து இருபது செல்பி எடுத்து அழிச்சிருறன்னு எழுதியிருக்க. செல்பிய நம்பாத. போனை ஒரு அடி தூரத்துல பிடிச்சு எடுத்தா மூக்கு கிட்டத்தட்ட முப்பது சதவீதம் அகலமா விழுதுன்னு 2018ல அமெரிக்காவுல கணக்குப் போட்டே காட்டியிருக்காங்க. உன் பிரண்டை அஞ்சடி தள்ளி நின்னு பகல் வெளிச்சத்துல நேரா ஒண்ணு, ரெண்டு பக்கவாட்டுல ஒண்ணு ஒண்ணு எடுக்கச் சொல்லு, அதுதான் உன் முகம்.

அப்படி எடுத்துப் பாத்த பிறகும் நாள் பூரா மூக்கு நினைப்பாவே இருக்கு, அதனால வேலையும் தூக்கமும் கெடுதுன்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மனநல ஆலோசகரைப் பாக்கணும், நானா இருந்தாலும் அனுப்பித்தான் வைப்பேன். அந்த நினைப்பு ஒரு நோயா இருக்கிறவங்களுக்கு மூக்கு நேரான பிறகும் மனசு ஆறாது, பார்வை இன்னொரு குறை மேல போயிரும். அரசாங்க மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

மாப்பிள்ளை வீட்டைப் பத்தி முடிவு எடுக்க வேண்டியது நீயும் உங்க வீடும். என் அபிப்பிராயம் கேட்டா, பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே உன் எலும்பை உடைச்சிட்டு வான்னு நிபந்தனை போடுறவங்களுக்காக மயக்க ஊசி போட்டுக்காத. எனக்கு மூச்சு அடைக்குது, அடிபட்ட மூக்கை சரி பண்ணிக்கணும், எனக்கே இது வேணும், கல்யாணம் எப்ப ஆனாலும் சரின்னு நீ சொன்னா, நானே தேதி குடுப்பேன்.

அப்படி முடிவு பண்ணா வேலைக்கு ரெண்டு மூணு வாரம் லீவு சொல்லிரு. ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆஸ்பிரின், புரூபன் மாதிரி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எது எடுத்தாலும் டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்தணும், ரத்தம் உறையுறதைக் கெடுக்கும். வந்த பிறகு ரெண்டு தலகாணி வச்சு தலைய உசத்திப் படு, மூக்கைச் சிந்தாத, தும்மல் வந்தா வாயைத் தொறந்து தும்மு, கண்ணாடி போடுறதா இருந்தா ஆறு வாரம் மூக்கு மேல உக்கார விடாத, வெயில்ல முகத்தைக் காட்டாத. முக்கியமா காலைல மாட்டுத்தாவணி பஸ்ல நின்னுக்கிட்டு வர்றது ஆறு வாரத்துக்கு வேணாம், யார் முழங்கையாவது ஒரு தடவை மூக்குல பட்டா நேரா வச்ச எலும்பு நகந்துரும்.

முதல் தடவை டாக்டரைப் பாக்கப் போகும்போது அந்த மூணு போட்டோ, அடிபடுறதுக்கு முன்னாடி எடுத்த ஏதாவது ஸ்கூல் போட்டோ, பாலிசி, சாப்பிடுற மாத்திரை எல்லாம் கொண்டு போ. மூக்குத்திய அன்னைக்கே கழட்ட வேணாம், ஆபரேஷனுக்கு முன்னாடி கண்டிப்பா கழட்டணும், கரண்ட்ல ரத்தத்தை நிறுத்துற கருவி பட்டா உலோகம் சுடும். ஏழாவதுலேர்ந்து கழட்டாத திருகாணி இறுகிப் போயிருக்கும், கடைசி நாள்ல இடுக்கிய வச்சு முறுக்கிராதீங்க. ஒரு வாரம் முன்னாடியே ராத்திரில ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வை, அப்பவும் வரலன்னா நகைக்கடை ஆசாரிகிட்ட போ. திரும்பப் போட ரெண்டு மூணு மாசம் ஆகும், ஓட்டை தூந்து போயிருந்தா வேற இடம் பாத்து புதுசா குத்திக்கலாம். அப்பத்தாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு.